வேப்பிலை கட்டிய வீட்டில் மீன் வாசனை

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருக்கும். சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைதான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிப்பேன், இதைக்கூட எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கேட்டைத் திறப்பதும் நான்தான், பூட்டுவதும் நான்தான். தலைமையாசிரியையே சீக்கிரம் வந்துவிட்டால் வெளியே நின்று எனக்காகக் காத்திருக்க வேண்டும்.

கொரோனா ஓய்ந்து, திரும்ப வந்து, மறுபடியும் ஓய்ந்து, பள்ளிக்கூடம் திறந்தபோது, காய்ச்சல் பார்க்கிற மெஷினை என் கையில்தான் கொடுத்தார்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும். பிள்ளையின் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினால் எண் தெரியும்.

"ஆயாம்மா, செவப்பு வெளக்கு எரிஞ்சா உள்ள விடாதீங்க. யாரு புள்ளையா இருந்தாலும் சரி" என்றார் தலைமையாசிரியை.

"உங்க புள்ளையா இருந்தாலும் விட மாட்டேன் டீச்சர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான்.

பெஞ்சுக்கு ஒரு பிள்ளை. தண்ணீர் வீட்டிலிருந்து வர வேண்டும். சாப்பாட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் அதையெல்லாம் கேட்டன. ஆனால் கலர் பிடித்திருக்கிறது என்று ஒருத்தி முகக்கவசத்தைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுத்து, அவளுடையதை வாங்கி மாட்டிக்கொள்வாள். ரிப்பன் மாற்றிக்கொள்வது மாதிரி. எத்தனை முறை பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்திருப்பேன்!

அப்படி இருக்கும்போதுதான் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்து, அவன் வீட்டில் பரிசோதனை செய்து, கொரோனா என்று தெரிந்து, அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். ஒளிக்காமல் சொன்ன மனுஷன். அன்றைக்கே மூன்றாம் வகுப்பைப் பூட்டினோம். அந்த அறையில் உட்கார்ந்த பிள்ளைகள், பாடம் நடத்திய டீச்சர், கூட்டிப் பெருக்கிய நான், எல்லோருக்கும் பரிசோதனை. அதன் முடிவு வரும்வரை யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தவர்கள், ஒன்றுமில்லை என்று வந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும். இதுதான் சட்டம்.

மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பெண்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வந்து, வராந்தாவில் மேஜை போட்டார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒன்று குச்சியைக் கடித்துவிட்டது. ஒன்று தும்மித் தீர்த்தது. கடைசியில் என் முறை. அறுபது வருஷமாக மூக்குத்தியைத் தவிர வேறு எதற்கும் இடம் கொடுக்காத மூக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரே ஒரு பெண் பிள்ளைதான் வரவில்லை.

"உங்க தெருவுதானே ஆயாம்மா? போற வழியில என்னான்னு பாத்துட்டு போன் போடுங்க. அவன் பக்கத்து பெஞ்சு அது" என்றார் தலைமையாசிரியை.

என் தெரு மட்டுமில்லை, என் வீட்டுக்கு அடுத்த வீடு. அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பெற்றவளை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். கூடப் பிறந்தவள் இல்லை. நானும் அவளும் ஒரே காலத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். என் புருஷன் போனபோது என் பக்கத்திலேயே படுத்திருந்தவள். இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், முகம் தெரியாது. சுகர் வேறு ஜாஸ்தி. கொரோனா ஊசி போட்டுக்கொள்ளக் கூப்பிட்டால், "கண்ணு ஆப்பரேஷன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனாள். அவள் மகனுக்குக் கடலூர்ப் பக்கம், குடிகாட்டுக்கு அருகில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே தங்கி, லீவு கிடைக்கும்போது வருவான். வீட்டில் இருப்பது அக்காவும் மருமகளும் அந்தப் பிள்ளையும்தான்.

போனேன். வாசல் நிலையில் பச்சை வேப்பிலைக் கொத்து தொங்கியது. படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது.

மருமகள் கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தாள். "அம்மா வந்துருக்கா, சின்னத்த."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. முத்து இன்னும் மேல வரல. உள்ளுக்குள்ளயே இருக்குது. அத்த தொடாம பக்கத்துல உக்காந்துருக்காங்க."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மை கண்ட வீட்டில் கேள்வி கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஏன், எப்படி, எங்கிருந்து என்றெல்லாம் கேட்கக் கூடாது. அவள் வந்திருக்கிறாள், இருக்கிற வரை இருப்பாள், பிறகு போவாள். வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் உள்ளே போக மாட்டோம், அங்கிருந்தும் யாரும் வெளியே வர மாட்டார்கள். தாளிக்க மாட்டார்கள், பொரிக்க மாட்டார்கள், மீன், கறி என்று கவிச்சி வாங்க மாட்டார்கள். ஏற்கெனவே அம்மை கண்டு எழுந்தவர் ஒருத்தர்தான் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டே இருப்பார். அவரை மறுபடியும் அம்மை தொடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் ஊற்றி, அவளை அனுப்பிவைத்த பிறகுதான் வேப்பிலையை இறக்குவோம். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. கன்னத்தில் தழும்பு இருக்கிறது. அதனால் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, "அம்மை டீச்சர்" என்றேன்.

"நிச்சயமா ஆயாம்மா?"

"வேப்பிலை கட்டியிருக்கு டீச்சர். நானே பாத்தேன்."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. வேப்பிலையை வைத்து யாராவது பொய் சொல்வார்களா?

பிறகு நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கும் சட்டம் உண்டே! முடிவு வரும்வரை வெளியே வரவில்லை. பால்காரர் பாக்கெட்டை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போவார். என்னிடம் ஒன்றுமில்லை என்று போனில் சேதி வந்த அன்று மத்தியானம், கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

மீன். மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிக் கல்லில் போட்ட மீன். சங்கரா என்றுகூட என்னால் சொல்ல முடியும், அந்தக் கொழுப்பு வாசனை வேறு. எங்கிருந்து வருகிறது என்று முதலில் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. எதிர் வீட்டில் ஆளில்லை. பின்னால் வாய்க்கால். அந்தப் பக்கம் அவர்கள் வீடு, நடுவில் ஒரு சந்துதான்.

கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மை இருக்கிற வீட்டில் மீன் பொரிப்பார்களா? அவள் அந்த வீட்டு மருமகளாக வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, தெரியாமல் செய்ய மாட்டாள். அப்படியானால் அங்கே அம்மை இல்லை. அம்மை இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன?

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய் நின்றேன். அவர்கள் அறையின் ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. உள்ளே பிள்ளை பாயில் சுருண்டு படுத்திருந்தது. அதன் தலைமாட்டிலேயே அக்கா உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தாள். குனிந்து, முகத்துக்கு முகம் அவ்வளவு கிட்டத்தில். பிள்ளை இருமியது. அக்கா இன்னும் குனிந்தாள். முகக்கவசம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு முன்னால் முகத்தை மூடுவது மரியாதை இல்லையே.

"அக்கா" என்றேன்.

"யாரு, தங்கச்சியா? உள்ள வராதடி. அம்மா இருக்கா."

"வரல. நீ சாப்ட்டியா?"

"கஞ்சி குடிச்சேன். என்னாவோ தெரியல, எறங்க மாட்டேங்குது. மேலுக்கு ஒரே அசதி. கண்ணு முழிச்சதால இருக்கும்."

"அக்கா, உங்க வூட்ல என்னா வாசன வருது?"

அவள் வீசுவதை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். "என்னா வாசன? ஒண்ணும் வர்லியே. வேப்பெலதான் வாசனயே இல்லாம கெடக்குது, எங்க பறிச்சாளோ!"

தெருமுனையில் யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று சொல்கிற மூக்கு அவளுடையது. கண் போன பிறகு அந்த மூக்கை வைத்துத்தான் குடும்பமே நடத்தினாள். பால் பொங்கப் போகிறது, சோறு அடிப்பிடிக்கப் போகிறது என்றெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பொரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருக்கிற வேப்பிலை வாசனை தெரியவில்லை.

அடுப்படிப் பக்கம் சுற்றிப் போனேன். மருமகள் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டால் வாசனை போய்விடுமா?

"யாருக்கு மீனு?" என்றேன்.

"புள்ள ஒண்ணுமே சாப்ட மாட்டேங்குது, சின்னத்த. எதக் குடுத்தாலும் மண்ணு மாரி இருக்குதுன்னு துப்புது. மீனுன்னா சாப்டும்னு..."

"அம்மா இருக்கற வூட்லயா?"

அவள் கல்லை ஒரு தட்டால் மூடினாள்.

"அந்தப் பையன் பக்கத்துல உக்காந்த புள்ளடி அது. டெஸ்ட்டுக்கு ஏன் கூட்டியாரல?"

"ஸ்கூல்ல சம்பளம் வாங்குறீங்கல்ல, அதான் வெசாரண பண்ண வந்துட்டீங்க" என்றாள் வெடுக்கென்று. பிறகு குரலை இறக்கினாள். "மொத தடவ அவுருக்கு வந்தப்ப என்னா செஞ்சாங்கன்னு தெரியாதா உங்களுக்கு? வாசல்ல தகரம் அடிச்சாங்க. கொழாயில தண்ணி புடிக்கக் கூடாதுன்னாங்க. அவுரு நல்லாகி வந்து நின்னப்பகூட கடையில காச கையில வாங்கல, கீழ வைன்னான். வேப்பெலன்னா எல்லாரும் கும்புட்டுட்டுப் போறாங்க. அதான் கட்டுனேன். நாலு நாளு போனா சரியாப் போயிரும், யாருக்கும் தெரிய வாணாம்னு நெனச்சேன்."

அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. எல்லாமே நடந்ததுதான். அதனால் நான் அவளைத் திட்டவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தெருவுக்குத்தான கட்டுன? உங்க அத்தைக்கு உண்மயச் சொன்னியா?"

அவள் முகம் மாறியது.

"அவ நெசம்னு நெனச்சிக்கிட்டு புள்ள மூஞ்சிக்கு மேலயே உக்காந்துருக்கா. அவளுக்கு வாசன தெரியல. நீ பொரிக்கிற மீனு வாசன அவளுக்குத் தெரியல, தெரியுதா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். "தொடாதீங்கன்னு சொன்னேன், சின்னத்த. தொடாதீங்கன்னு சொன்னேன்" என்று அதையே சொன்னாள். அக்காவும் தொடவில்லைதான். விலகிப் போ என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இருவரும் அறை வாசலுக்குப் போனோம். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன்.

"அக்கா, எழுந்து வெளிய வா."

"என்னாடி பேசற? அம்மா இருக்கற புள்ளய விட்டுட்டு எழுந்திரிக்கச் சொல்ற."

நான் மருமகளைப் பார்த்தேன். இதை நான் சொல்ல முடியாது. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கும்போது, உள்ளே அவள் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. கட்டியவள்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா இல்ல, அத்த" என்றாள் மருமகள். "நாந்தான் சும்மா கட்டுனேன். இது கொரோனா."

அக்கா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. வேப்பிலையைப் பாய் ஓரமாக வைத்தாள். பிறகு கையை நீட்டி, இத்தனை நாளும் தொடாமல் இருந்த பிள்ளையைத் தொட்டாள். நெற்றி, கன்னம், கழுத்து, சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு. விரல் நுனியால் ஒவ்வோர் இடமாகத் தேடினாள். ஒரு முத்துக்கூட இல்லை. பிள்ளை கூச்சத்தில் நெளிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, தானாகவே நடந்து கொல்லைக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாளைக்குக் காலயில நான் கேட்டு தொறக்கறப்ப நீ அங்க நிக்கணும்" என்றேன் மருமகளிடம். "நான் போய் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

"மறுபடியும் தகரம் அடிப்பாங்க."

"அடிக்கட்டும். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன். தண்ணி நான் புடிச்சி வைக்கிறேன். எவன் வர்றான்னு பாக்கறேன்."

காலையில் வந்து நின்றாள். தலைமையாசிரியை அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் ஒரு முறை பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன், பார்த்தது பொய்யாகிவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கே ஆட்கள் வந்து மூன்று பேருக்கும் பரிசோதனை செய்தார்கள். பிள்ளைக்கும் அக்காவுக்கும் கொரோனா. மருமகளுக்கு இல்லை. தகரம் அடிக்கவில்லை, அந்தக் காலம் போய்விட்டதாம். கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். வேப்பிலைக்குக் கீழேயே.

பிள்ளை சீக்கிரம் தேறிவிட்டது. அக்காவுக்குத்தான் மூச்சு இழுத்தது. மகன் கடலூர்ப் பக்கம் இருப்பதால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏற்றும்போது நான் தெருவில் நின்றேன். கண் தெரியாதவள், என் பக்கமாகவே திரும்பினாள். அப்போதும் பேசவில்லை.

என் வாழ்க்கையில் அதுபோல நாட்களை நான் கழித்ததில்லை. வாசலில் வேப்பிலை இருந்தது, உள்ளே போகவில்லை. அதுதான் முறை, அதைத்தான் செய்தேன். அன்றைக்கே ஜன்னல் பக்கம் போயிருந்தால் என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறிக் கடலூருக்குப் போனேன். பெரியப்பட்டு, ஆலப்பாக்கம் என்று பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன், மனசு வேறு எதிலும் நிற்காததால். உள்ளே விட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் அவள் மகனோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அவன் டீ வாங்கிக் கொடுப்பான்.

இரண்டாவது முறை போனபோது, நர்ஸ் பெண் ஒருத்தி உள்ளிருந்து போன் போட்டுக் கொடுத்தாள். அக்காவின் மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"தங்கச்சி."

"சொல்லுக்கா."

"வேப்பெலய எறக்கிட்டாளா?"

"இல்லக்கா. அப்பிடியே இருக்குது."

"எறக்க வாணாம்னு சொல்லு. நான் வர்றேன்."

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை.

வந்தாள். பாதி ஆளாக, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. வேப்பிலை காய்ந்து சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க மருமகளுக்குப் பயம், தெருக்காரர்களுக்கும் பயம். வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள்.

"அத்த, நான் அறிவுகெட்டுப் போய்..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"போடி, போய் கூழுக்குக் கேவுரு ஊற வை" என்றாள் அக்கா. "அவ பேரச் சொல்லிக் கூப்ட்டாச்சி. வந்தாளோ வரலியோ, வூட்டு வாசல்ல நிக்க வச்சிட்டு சும்மா இருக்க முடியுமா? மொறையா அனுப்பணும்."

அந்த வெள்ளிக்கிழமை மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீரைப் பிள்ளைக்குத் தலையோடு ஊற்றினேன். அக்கா தலையில் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளங்கையில் எடுத்து அவள் உச்சியில் தடவினேன். கூழ் காய்ச்சித் தெருவுக்கு ஊற்றினோம். உண்மை என்ன என்பது தெருவுக்கே தெரியும், கதவில் தாள் ஒட்டியதை எல்லோரும்தான் பார்த்தார்கள். சிலர் வரவில்லை. ஆனால் சொம்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஜாஸ்தி. சருகை மருமகளே இறக்கினாள். நான் வாங்கிக்கொண்டு போய் வாய்க்காலில் விட்டேன்.

அக்காவுக்கு மூச்சு திரும்பிவிட்டது. வாசனை மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. பால் தீய்ந்தாலும் தெரிவதில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதும் இல்லை.

பிள்ளை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று நெற்றியில் மெஷினை வைத்தேன். அதன் அம்மா எண் தெரியும்வரை கேட்டிலேயே நின்றாள். "போ உள்ள" என்றேன். போய்விட்டது.

இப்போது பக்கத்து வீட்டில் சமையல் நடந்தால் என் கொல்லை வரைக்கும் குரல் கேட்கிறது. முன்பெல்லாம் வாய் திறக்காமல் சமைக்கிறவள் அந்த மருமகள். இப்போது ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்கிறாள்.

"அத்த, கடுகு போட்டுட்டேன். அத்த, பால் ஏறுது, எறக்கிடறேன். அத்த, மீனு போடறேன், சங்கரா."

"ம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். "திருப்பிப் போடு."